டீக்கு ஊதின விசில்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். அதிலும் கணக்கில் ஒருமுறை தவறி, அடுத்த முறை தேறினேன். இன்றுவரை நான் காகிதத்தில் எழுதியதெல்லாம் அண்டா ஒன்று, மூடி ஒன்று, கரண்டி நான்கு என்கிற மாதிரியான பட்டியல்கள்தான். நாலு பேர் கூடும் இடத்தில் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவன் எழுத வருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் புரண்டுகொண்டிருக்கிற ஆளுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

சமீபத்தில் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் பழைய கரி எஞ்சின்களின் புகைப்படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். ஊரின் மறுகோடியிலிருந்து வந்த படித்த பிள்ளைகள் செய்த ஏற்பாடு. கரிப்புகைக்கு நடுவில் ஒருநாள்கூட வாழாததால் அவர்களுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. ஒரு பெண் என்னிடம் மைக்கை நீட்டி, "ஐயா, அந்தக் கூட்ஸ் வண்டிகளோட சத்தம் உங்களுக்கெல்லாம் ஒரு தாலாட்டு மாதிரி இருந்திருக்கும் இல்லையா?" என்று கேட்டது. நான், "ஆமாம்மா" என்றேன். அந்தப் பெண்ணுக்கு மிகவும் சந்தோஷம்.

தாலாட்டுதான். எங்கள் கொருக்குப்பேட்டையில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் மாலையில் மிளகு தூவிய மாதிரி எடுக்கலாம். குழந்தைகளுக்கு இருமல் வராத வீட்டைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை யார்டுக்குப் போகும் கூட்ஸ் எங்கள் ரயில்வே கேட்டின் குறுக்கே வந்து நிற்கும். ஏன் நிற்கிறது, எப்போது போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சில நாள் முக்கால் மணி நேரம். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மார்க்கெட். இந்தப் பக்கம் நாங்கள்.

எங்கள் தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் ரயில்வே தெரியாதவரும் கிடையாது. அவர்களில் பெரிய நிபுணர் கேட்டை ஒட்டி வறுத்த பட்டாணிக் கடை வைத்திருந்த மாமா. எல்லோருக்கும் அவர் மாமாதான். எஞ்சின் எப்படி ஊதினாலும் அதற்கு அர்த்தம் சொல்வார். இரண்டு குட்டையாக ஊதினால் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டைக் கூப்பிடுகிறான். விட்டுவிட்டு ஊதினால் தண்டவாளத்தில் மாடு. நீளமாக ஒரே இழுப்பாக ஊதினால் டீ.

கடைசியாகச் சொன்னது பொய் இல்லை. எஞ்சின் வந்து நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு டீக்கடை இருந்தது. சிக்னல் கிடைக்காமல் நிற்கும் டிரைவர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். டீ மாஸ்டர் இரண்டு கிளாசில் டீயை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குப் போவார். டிரைவருக்கு ஒன்று, கரி தள்ளுகிறவருக்கு ஒன்று. அவர்கள் குடித்து முடித்துக் கிளாசைக் கொடுக்கும்வரை வண்டி நகராது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் டீ விசில் கேட்டதும் ஜனங்கள் அவசரமே இல்லாமல் வேகனுக்கு அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போவார்கள். வயதானவர்கள், கைச்சுமை உள்ளவர்கள், சேலை கசங்கக் கூடாதவர்கள் இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கும் காலி வேகனாகப் பார்த்து, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவார்கள். யாரோ கருங்கல்லைப் படி மாதிரி அடுக்கிக்கூட வைத்திருந்தார்கள்.

கிளம்புகிற வண்டியும் நீளமாகத்தான் ஊதும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வித்தியாசம் உண்டு என்பார் மாமா. "டீக்கு ஊதசொல்ல கடைசில ஒரு கொயவு வரும். கெளம்பசொல்ல வராது. காது இர்க்கறவனுக்குக் கேக்கும்." காது இல்லாதவன் என்று பெயர் வாங்க யாருக்கும் இஷ்டமில்லை. அதனால் எல்லோருக்கும் அந்தக் குழைவு கேட்டது.

அப்போது எனக்கு இருபது வயது. ஒரு அண்ணாச்சியின் பாத்திரக் கடையில் வேலை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அண்டா வாடகைக்கு விடும் கடை. பெரிய அண்டா போகும் இடமெல்லாம் நானும் கூடவே போக வேண்டும். "அண்டாவ விட்டு கண்ண எடுக்காதல, அது வராம நீ மட்டும் வந்து நிக்காத" என்பது அண்ணாச்சி எனக்குத் தினமும் சொல்லும் நல்வார்த்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் அத்தர் கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண்ணுக்கு வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். காலையிலும் கேட் மூடியிருந்தது; மண்டபத்துச் சந்தில் பஸ் நுழையாது என்று அதை எங்கள் பக்கமே நிறுத்திவிட்டு, கேட் திறந்தபின் நடந்து போனார்களாம். ஆம்பூர்க்காரர்கள் பிரியாணி விஷயத்தில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா பேச்சுவார்த்தை சமயத்திலேயே, "மெட்ராஸ்ல எல்லாம் சோத்துக்கு மஞ்சத்தூள் போட்டுட்டு பிரியாணின்னு சொல்றாங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போனவர்.

அதனால் அத்தர் பாய் தன் வீட்டு வாசலிலேயே விறகடுப்பு மூட்டி, பேட்டையிலேயே பேர்போன பண்டாரியை வைத்துச் சமைத்தார். பண்டாரி என்றால் எங்கள் பக்கம் பிரியாணி சமைக்கிறவர். அண்டா கிளம்பும்போது பாய் பண்டாரி கையையும் என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மணிக்கு மண்டபத்துல இர்க்கணும் பாய். அவுங்க சாப்புடாம கெளம்பிட்டா, என் பொண்ணு அங்க போய் ஆயுசுக்கும் பேச்சு கேட்டுகினு குந்தணும்."

"இன்னாத்துக்கு பாய் பேஜாராவுற? தம்மு மண்டபத்துல போய்தான் ஒடைப்பேன். பெரியப்பா மூக்கு ஆம்பூர் வரைக்கும் ஆடணும்" என்றார் பண்டாரி.

மீன்பாடி வண்டி என்று சொல்லும் மூன்று சக்கர மிதிவண்டியில் அண்டாவை ஏற்றினோம். தம் உடையாமல் இருக்க மூடியைச் சுற்றி மைதா மாவு அப்பி, மேலே தணல் கொட்டி, சாய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது என்று ஏகப்பட்ட கூடாதுகள். பின்னால் இன்னொரு வண்டியில் கத்திரிக்காய்ப் பச்சடியும் தயிர் வெங்காயமும். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது.

கால் மணி நேரம் பார்த்தோம். எஞ்சின் தூரத்தில் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டதே தவிர அசையவில்லை. பண்டாரி வானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், அண்டாவைத் தொட்டுப் பார்த்தார். அண்டா வேகனுக்கு அடியில் போகாது. கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காலி வேகன், இரண்டு கதவும் திறந்து நின்றது.

பட்டாணிக் கடை மாமா எழுந்து வந்தார்.

"இன்னா பண்டாரி, சொம்மா நின்னுகினு கீற? வேகன்ல இந்தாண்ட ஏத்தி அந்தாண்ட எறக்கு."

"நவுந்துட்சுன்னா?"

"இன்னும் டீயே குடிக்கல அவன். டீ குடிக்காம எந்த டிரைவரு நைனா வண்டிய எடுப்பான்?"

அந்த நேரம் பார்த்து எஞ்சின் நீளமாக ஊதியது. மாமா ஒற்றை விரலைத் தூக்கினார்.

"கொயவு கேட்டுச்சா? டீயி. பத்து நிமிசம் கீது. தூக்கு தூக்கு."

முதலில் கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் ஏறி இறங்கின. அந்தப் பக்கம் இருந்தவர்கள் வாங்கி வேறு வண்டியில் வைத்து மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அண்டாவின் வளையங்களில் மூங்கில் கழியைக் கொடுத்து, வண்டிக்காரர்கள் இருவரையும் சேர்த்து ஆறு பேர் தூக்கினார்கள். பண்டாரியும் மாமாவும் வேகனுக்குள் நின்று வாங்கினார்கள். அண்டா ஏறியது. சாயவில்லை. எல்லோரும் "அல்லா" என்று மூச்சு விட்டார்கள். அந்த ஆறு பேரும் மறுபக்கம் இறக்குவதற்காக வேகனுக்கு அடியில் குனிந்து நுழைந்து ஓடினார்கள்.

இந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். அங்கே தண்டவாளம் வளைவாக இருக்கும். வண்டியின் வால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கார்டு தன் பெட்டியின் படியில் நின்று பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். டீ குடிக்கிறவர்களுக்கு யாரும் பச்சைக் கொடி காட்ட மாட்டார்கள். அந்த அளவுக்கு ரயில்வே எனக்கும் தெரியும்.

நான் கத்தியிருக்க வேண்டும். "எறங்குங்க, பச்ச காட்டிட்டான்" என்று மூன்று வார்த்தை. மாமா டீ என்று சொன்னபிறகு, இத்தனை பேர் கேட்ட குழைவுக்கு எதிராக, அண்டா துடைக்கிற ஒருவன் கத்துவது எப்படி என்று யோசித்தேன். எந்த மரியாதையோடு ஆரம்பிப்பது என்றும் யோசித்தேன். யோசித்து முடித்து, "மாமா" என்று மெதுவாகச் சொன்னேன். அதற்குள் வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் எஞ்சினிலிருந்து வரிசையாக வந்து, எங்கள் வேகனையும் ஒரு இழுப்பு இழுத்தது.

மாமா அந்தப் பக்கம் குதித்துவிட்டார். நிபுணர்களுக்கு எப்போது குதிக்க வேண்டும் என்று தெரியும். பண்டாரி குதிக்கவில்லை. அண்டா மூடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் நீளக் கரண்டியோடு கதவருகில் நின்று, "டேய், நிறுத்தச் சொல்றா! தம்மு கீதுடா!" என்று கத்திக்கொண்டே போனார். தம் இருப்பதற்காக ஒரு கூட்ஸ் நிற்கும் என்று அவர் நம்பியது எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. அவர் நின்ற வேகன் வளைவில் திரும்பி மறைந்தது. கார்டு எங்களைக் கடந்து போகும்போது கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் கையில் ஆறிய இரண்டு கிளாசோடு எஞ்சின் இருந்த இடத்தில் நின்றார். அவரும் அந்த விசிலை நம்பித்தான் போயிருந்தார்.

கேட் திறந்தது. அண்டா ஏற்றி வந்த மீன்பாடி வண்டிக்காரர் இந்தப் பக்கம் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா பாத்துகினு கீற? ஏறு."

தண்டையார்பேட்டை யார்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. அங்கே ஒரே மாதிரி வேகன்கள், கணக்கில்லாமல், எல்லாம் ஒரே துருப்பிடித்த நிறம். எல்லா எஞ்சினும் புகை கக்கிக்கொண்டிருந்ததால் மூக்கும் உதவவில்லை. கடைசியில் கும்பலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரே ஒரு வேகனுக்கு முன்னால் யார்டில் வேலை செய்கிறவர்கள் இருபது பேர் சோற்றுத் தூக்கின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். உள்ளே பண்டாரி கரண்டியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு அண்டாவின் முன்னால் நின்றார்.

கார்டு கையில் ஒரு புத்தகத்தோடு கீழே நின்றார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் தெரிந்தவர்.

"இது காலி வேகன். காலி வேகன்னு எழுதியிருக்கேன். இப்ப இதுல சரக்கு இருக்கு. நான் என்னன்னு எழுதறது?"

"சரக்கு இல்ல சார், பிரியாணி" என்றார் வண்டிக்காரர்.

"புக் பண்ணாம வந்தா பிரியாணியும் சரக்குதான்."

"அப்ப ஆம்பூருக்கே புக் பண்ணிடு சார். அவுங்க ஊட்டுக்கே போய் சேந்துரும்" என்றார் பண்டாரி மேலிருந்து.

கார்டுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒரு காயிதம் வேணும்." மூவரில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். தாளை அண்டாவின் பக்கத்தில் வேகன் தரையில் வைத்து எழுதினேன். எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று. ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"உயர்திரு கார்டு அவர்களுக்கு. ஐயா, எங்கள் பிரியாணி இன்று தவறுதலாகத் தங்கள் ரயிலில் ஏறிவிட்டபடியாலும், எங்கள் தெருவில் கல்யாணம் இருப்பதாலும், அதற்கு இன்று ஒருநாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்."

கார்டு இரண்டு முறை படித்தார். "ஒருநாள் போதுமா?" என்று கேட்டுவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூடியோடு நின்றவர்களுக்கு ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. மண்டபத்தில் உடைக்க வேண்டிய தம்மை யார்டில் உடைக்கப் பண்டாரி சம்மதிக்கவில்லை. அவர்கள் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் வைதுகொண்டே அண்டாவைச் சாயாமல் இறக்கியும் கொடுத்தார்கள்.

இதற்குள் மண்டபத்தில் நடந்ததை நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். விரிப்பு விரித்து, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கரண்டி கத்திரிக்காயும் ஒரு கரண்டி தயிர் வெங்காயமும் பரிமாறப்பட்டது. அதோடு நின்றுவிட்டது. பெரியப்பா கத்திரிக்காயை அரைமணி நேரம் பார்த்திருக்கிறார். அத்தர் பாய் ஒவ்வொரு வரிசையாகப் போய், "இதோ வந்துகினு கீது" என்றிருக்கிறார். எங்கே வருகிறது என்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு உத்தமர், "ரயில்ல" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கேலி செய்கிறார்கள் என்று பெரியப்பாவுக்குக் கோபம். இரண்டு மணிக்கு எழுந்து செருப்பை மாட்டிவிட்டார். பெண்ணை அழையுங்கள், கிளம்புகிறோம், சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அவர் எழுந்ததும் மொத்த ஆம்பூரும் எழுந்தது.

ஆனால் அவர்கள் பஸ் இந்தப் பக்கம் நின்றது. அவர்கள் கேட்டுக்கு வரும்போது கேட் மறுபடி மூடியிருந்தது. இன்னொரு கூட்ஸ், இந்த முறை நிறைய நிலக்கரி ஏற்றியது. வேகனுக்கு அடியில் குனிந்து போகச் சொன்னார்கள். வெள்ளைத் தொப்பியும் அத்தர் மணமும் உள்ள பெரியப்பா அதற்கு ஒப்பவில்லை. கோபத்தோடு கிளம்பிய ஒரு பஸ் ஜனம் கொளுத்தும் வெயிலில், பட்டினியோடு, கரித்தூள் விழ விழ நின்றது. அத்தர் பாய் அவர்கள் பின்னால் நின்றார். கெஞ்சிக் கெஞ்சி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கல்யாணப் பெண் முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து வரும் சாலை அந்தப் பக்கம்தான் வந்து சேரும். நாங்கள் அவர்கள் முதுகுப் பக்கமாக வந்தோம். பண்டாரி நிலைமையைப் பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, கரண்டிக் காம்பால் மைதா மாவைத் தட்டி உடைத்து, மூடியைத் தூக்கினார்.

மண்டபத்தில்தான் உடைப்பேன் என்று யார்டில் இருபது பேரிடம் வசவு வாங்கிய மனிதர், நடுரோட்டில் உடைத்தார்.

அந்த ஆவி நிலக்கரிப் புகையையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. முதலில் திரும்பியவர்கள் பிள்ளைகள், அப்புறம் பெண்கள். பெரியப்பா மட்டும் கூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் மூக்கு திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முகமும் திரும்பியது.

"மஞ்சத்தூள் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"நீங்களே வந்து பாருங்க மாமு" என்றார் பண்டாரி. சம்பந்தி வீட்டுப் பெரியவரை மாமு என்று கூப்பிட அவருக்கு அன்றைக்கு உரிமை இருந்தது.

எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட்டார்கள். பெரியப்பா மூன்று முறை வாங்கினார். ஒவ்வொரு முறையும், "எங்க ஊர் மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை நீட்டினார். பெண் முக்காட்டை விலக்கித் தண்ணீர் குடித்ததை அத்தர் பாய் பார்த்துக்கொண்டே நின்றார். மாலை ஐந்து மணிக்கு அவர்கள் நல்லபடியாகக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனபின் தெருக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பட்டாணிக் கடை மாமா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வயிறு நிறைந்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

"மாமா, டீ ஆறிப்போச்சாமே."

"கொயவு கேட்டுச்சா மாமா?"

"இன்னொரு தபா ஊது மாமா, கத்திரிக்காவ எண்ணூருக்கு அனுப்பலாம்."

மத்தியானம் குழைவு கேட்ட அதே காதுகள்தான். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "முப்பது வருசமா கேக்குற விசிலு. தப்பு இன்னா கீது அதுல?" என்றார். யாரும் விடவில்லை. அவர் குரலை உயர்த்தினார்.

"சரி, நான் தான் செவுடு. கெளம்பணும்னா கார்டு பச்ச காட்டணும்ல? எவனாச்சும் பாத்தீங்களா? பாத்திருந்தா சொல்லியிருப்பானுங்க இல்ல? அப்ப அவன் கொடி காட்டாமயே எடுத்துட்டான். அது என் தப்பா?"

"கொடி காட்டாமயா? வுடு மாமா" என்று சிரித்தார்கள்.

நான் பக்கத்திலேயே வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இந்தாண்டதான நின்ன? நீ சொல்லு நைனா, கொடி காட்டுனானா?"

ஊரே என்னைப் பார்த்தது. காட்டினார் என்று சொன்னால், ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள். காட்டவில்லை என்று சொன்னால் பொய். நான் குனிந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தேன். "எனுக்கு வேணாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. மாமா கடை திறக்கவில்லை. நான் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தேன். பத்து மணிக்கு அண்ணாச்சி என்னைத் திருவொற்றியூருக்கு ஒரு காதுகுத்துக்கு அனுப்பினார். போனேன்.